பிறந்த வழியும் நடந்த வழியும்

(முன்னாள் மாணவர் சங்க மறுகூடலின் இரண்டாம் நாள் காலை ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சிவில் படித்தவன். பாலம், கட்டடம் என்றால் ஒரு மணி நேரம் கூடப் பேசலாம். ஆனால் செயலாளர் அண்ணன் போனில், "அதெல்லாம் வேண்டாம் தம்பி. ஹாஸ்டல்ல பசங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து பேசுற விஷயம் ஒண்ணு இருக்கு. சாமி நம்பிக்கைங்கிறது வீட்டுல கொடுத்து வர்றதா, நாமளே தேடிக் கண்டுபிடிக்கிறதா? அதைப் பத்தி உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்றார். நான் கிறிஸ்தவன். ஆகவே கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வேறு மதத்தவர்கள். யாரையும் இழுக்கிற பேச்சு அல்ல இது. தைரியமாகக் கேட்கலாம்.

என் ஊர் ஆலங்குளம். உடனே எல்லோரும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளமா என்று கேட்பார்கள். இல்லை. இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970-ல் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலை எங்கள் ஊரின் அடையாளம். அப்பா அங்கே வேலை பார்த்தார். ஒரு பக்கம் ராஜபாளையம், இன்னொரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். மார்கழி மாதம் அதிகாலையில் ஒலிபெருக்கியில் ஆண்டாளின் திருப்பாவை கேட்டுக் கண் விழிப்போம். அதே மாதம் ராத்திரியில் கிறிஸ்துமஸ் கீத பவனி, பெட்ரோமாக்ஸ் விளக்கும் டிரம்முமாக வீடு வீடாகப் போகும். ஆண்டாள் பிறந்த ஊர்க்காற்றில்தான் என் ஞாயிறு பள்ளி நடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் போனால் தெரியும்.

நான் குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். பள்ளிப் பருவத்தில் திடப்படுத்தல். கேள்வி பதில் மனப்பாடம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் முழங்கால் படியிட்டேன். அந்த நாளில் நான் எதையும் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் அது என் வீட்டாருடைய விசுவாசம். அவர்கள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போல அதையும் போட்டுக்கொண்டேன்.

இது எனக்கு மட்டும் உள்ள கதை அல்ல. திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களில் பலர் தனித்தனியாக யோசித்து வந்தவர்கள் அல்லர், ஊராக வந்தவர்கள். 1799-ல் சாத்தான்குளம் பக்கத்தில் முதலூர் என்று ஒரு கிராமமே புதிதாக உண்டாக்கினார்கள். புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களுக்குத் தொல்லை இல்லாமல் ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. பிறகு பல ஊர்கள் அப்படி வந்தன. சிலர் இன்றைக்கு அதை ஏளனமாகப் பேசுகிறார்கள், கூட்டத்தோடு கோவிந்தா போட்டார்கள் என்று. எனக்கு அந்த ஏளனம் பிடிப்பதில்லை. மேல்துண்டு போட முடியாதவன், பள்ளிக்கூடத்துப் பக்கம் போக முடியாதவன், மானத்தோடு நிற்க ஓர் இடம் கிடைத்தால் தன் சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருவான். தனியாக வா என்று சொல்வதற்கு நாம் யார்? ஆனால் ஊராக வந்தவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. தாத்தா ஊரோடு எடுத்த முடிவை, பேரன் தனியாக உட்கார்ந்து தன் முடிவாக எடுக்க வேண்டும், அல்லது எடுக்காமல் விட வேண்டும். அந்த வேலையை நமக்காகச் சபை செய்து தராது.

எங்கள் வட்டாரத்துக்கே ஒரு கதை உண்டு. தாமஸ் ராக்லண்ட் என்று ஒரு மிஷனரி. 1841-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். இன்ஜினியரிங் மாணவர்கள் கவனிக்கவும், கணக்கில் நான்காம் இடம்! அந்தக் காலத்தில் அதற்கு இங்கிலாந்தில் எப்படிப்பட்ட மரியாதை இருந்தது என்பது உங்கள் கணித ஆசிரியருக்குத் தெரியும். அவர் சென்னையில் மிஷன் செயலாளர் பதவியில் இருந்தார். அதை விட்டுவிட்டு 1854 முதல் வட திருநெல்வேலியில், அதாவது நம்முடைய சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் கரிசல் காட்டில், கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார். தெற்கேயிருந்து தமிழ் உபதேசிமார் முறை வைத்து வந்து கூட நடந்தார்கள். நான்கு வருஷம். பலன் என்று பார்த்தால் அவர் கண்ணால் கண்டது சொற்பம். 1858 அக்டோபர் 22-ம் தேதி சிவகாசியில் இறந்துபோனார். வயது 43.

கணக்குத் தெரிந்த ஒரு மனுஷன் இந்தக் கணக்கை எப்படிப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லலாம், கூட நடக்கலாம். அடுத்தவன் உள்ளே நடக்கிறதை யாரும் நடத்தி வைக்க முடியாது. ராக்லண்ட் அதற்கு அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. இன்றைக்குச் சில கூட்டங்களில் விளக்கை மங்கலாக்கி, கீபோர்டை மெதுவாக வாசித்து, "கையை உயர்த்துங்கள், இன்றைக்கே" என்று அரை மணி நேரம் நெருக்குகிறார்களே, அதைப் பார்க்கும்போது இவர் நினைவு வரும். முதலாமாண்டு படிக்கும்போது அப்படி ஒரு கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. சீனியர் ஒருவர், "என்ன தம்பி, மனசு கல்லாயிருச்சா?" என்றார். "இல்லண்ணே, இன்னும் யோசிச்சு முடிக்கல" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதே 1858-ம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. எண்ணைப் பார்த்தால் கோத்துப் பார்ப்பது எங்கள் தொழில் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். ராக்லண்ட் சிவகாசியில் இறந்த அந்த வருஷம் ஏப்ரலில், சென்னையில் ஒரு தமிழாசிரியர் ஞானஸ்நானம் பெற்றார். பெயர் கிருஷ்ண பிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்துக் கரையிருப்பு. 1827-ல் பிறந்தவர், வைஷ்ணவ வேளாளர் குடும்பம். தகப்பனார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். வீட்டில் பேச்சும் மூச்சும் ஆழ்வார்களும் கம்பரும்தான். 1853-ல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மிஷனில், மனசு திருமாலிடத்தில். ஆரம்பத்தில் கிறிஸ்தவத்தின் மேல் அவருக்கு வெறுப்பே இருந்தது.

பிறகு என்ன நடந்தது? பெரிய பிரசங்கம் எதுவும் அவரைக் கவிழ்த்துவிடவில்லை. தனக்கோடி ராஜு என்கிற நண்பர் கிறிஸ்தவரானார். அவரோடு பேச்சு, வாதம். புதிய ஏற்பாடு படித்தார். ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணத்தைப் படித்தார். ஐந்து வருஷம். ஐந்து வருஷம் என்றால் அரியர் இல்லாமல் ஒரு டிகிரி முடித்துவிட்டு மேலே ஒரு வருஷம்! முப்பது வயது, தமிழ்ப் புலமை, நல்ல குடும்பம், சாதியில் மதிப்பு. இழக்க நிறைய இருந்தவர். அப்படிப்பட்டவர் மெதுவாக, ஒவ்வொன்றாக உறுதிப்படுத்திக்கொண்டு முன்னே போனார். ஹென்றி ஆல்பிரட் என்று பெயர் சேர்ந்தது. ஆனால் கிருஷ்ண பிள்ளை என்ற பெயரை விடவில்லை. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை என்றே கடைசிவரை.

எனக்கு இவரிடத்தில் மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. கிறிஸ்தவரான பிறகு அவர் தமிழை மாற்றிக்கொள்ளவில்லை. பன்யனின் கதையை எடுத்துக்கொண்டு, கம்பருடைய விருத்தத்தில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் இரட்சணிய யாத்திரிகம் என்று ஒரு காப்பியமே பாடினார். 1894-ல் அச்சில் வந்தது. இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே பக்திப் பாடல்கள். இங்கிலாந்துச் சிறையில் பன்னிரண்டு வருஷம் கிடந்த ஒரு பாத்திரக்காரர் மகன் எழுதிய கதை, திருநெல்வேலி வைஷ்ணவர் வீட்டுத் தமிழில் நடக்கிறது. கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் கம்பரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரவில்லை, அழைத்துக்கொண்டு வந்தார். ஞாயிறு ஆராதனையில் பாதி புரியாத மொழிபெயர்ப்புத் தமிழைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இதைத் தெரிந்துகொண்டபோது வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அப்படியானால் என் மார்கழி மாதத்து இரண்டு சத்தங்களில் ஒன்றை நான் காதில் வாங்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா?

பாளையங்கோட்டையில் 1891-ல் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி இதையே படிப்பாகச் செய்தார். அவருடைய தகப்பனார் சைவத்திலிருந்து வந்தவர். மகன் பிற்பாடு கோவையில் பேராயராக இருந்தார். யோவான் சுவிசேஷத்தைப் பக்தி மார்க்கமாகப் படிக்கலாம் என்று 1927-லேயே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். நாயன்மார்களும் ஆழ்வார்களும் ஏங்கிய ஏக்கம் தெரிந்தவனுக்கு யோவான் இன்னும் நன்றாகப் புரியும் என்பது அவர் கட்சி. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆட்சேபித்தவர்களும் இருந்தார்கள். நான் அவர் பக்கம்.

ஒரே மாதிரியாக எல்லோருக்கும் வராது என்பதற்கு இன்னும் இரண்டு பேரைச் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன். சாது சுந்தர் சிங்கை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பஞ்சாபில் சீக்கியக் குடும்பம். வேதப் புத்தகத்தை எரித்த பையன், 1904 டிசம்பரில் ஒரு விடியற்காலையில் கண்ட தரிசனத்தில் மாறிவிட்டதாக அவரே சாட்சி சொன்னார். அப்போது 15 வயது. மறுவருஷம் சிம்லாவில் ஞானஸ்நானம். 1918-ல் நம் தமிழ்நாட்டுக்கும் வந்து பேசிப்போனார். ஒரே ராத்திரி! கிருஷ்ண பிள்ளைக்கு ஐந்து வருஷம்.

பண்டித ரமாபாய் கதை இதற்கு நேர் எதிர். சமஸ்கிருதம் கரைத்துக் குடித்தவர், கல்கத்தாப் பண்டிதர்கள் கூடி அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் தான் அன்றைக்குக் கண்டடைந்தது கிறிஸ்தவ மதத்தைத்தான், கிறிஸ்துவை அல்ல என்று அவரே பின்னாளில் எழுதினார். அது தெளிவாவதற்கு மேலும் எட்டு வருஷம் ஆயிற்று. அத்தனை படித்த அம்மையார், ஊரறிய மதம் மாறிய பிறகு, பின்னாளில் இப்படி வெளிப்படையாக எழுதினார் என்றால், அந்த நேர்மைக்கு முன்னால் நாமெல்லாம் எம்மாத்திரம்!

இனி என் கதை. சிறியது.

2009-ல் இங்கிருந்து வெளியே போனேன். சைட் வேலை. அங்கே ஆற்றுப்பாலம், இங்கே தண்ணீர்த் தொட்டி என்று ஊர் ஊராக. அப்பா ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் நோயில் விழுந்தார். ஜெபிக்க வந்தவர்களில் சிலர், நிச்சயம் சுகமாகும், சந்தேகப்படாதே என்றார்கள். அப்பா சுகமாகவில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அதே ஆட்களில் ஒருவர், வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவு என்று திண்ணையில் உட்கார்ந்து பேசினார். அம்மா காதில் விழுந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு நான் விட்டேன். கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஜெபம் இல்லை, பாட்டு இல்லை. அம்மா ஊரிலிருந்து போன் செய்வாள். "சாப்பிட்டியா, வெயில்ல நிக்காதப்பா" என்பாள். ஞாயிற்றுக்கிழமை போனாயா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் கேட்டிருந்தால் நான் இன்றைக்கு இங்கே நின்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

சைட்டில் ராத்திரிக் கான்கிரீட் போடும்போது காத்திருக்கிற நேரம் நிறைய. லாரி வரவில்லை, பம்ப் அடைத்துக்கொண்டது என்று ஏதாவது. அப்படி ஒரு ராத்திரி போனில் சங்கீத புத்தகத்தைத் திறந்தேன். பக்திக்காக இல்லை, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்கிற கோபத்தில். 88-ம் சங்கீதம் கண்ணில் பட்டது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் எல்லாம் அழுது அழுது கடைசியில் ஏதோ ஒரு நம்பிக்கையில் வந்து நிற்கும். இது நிற்கவில்லை. இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படிப்பட்ட ஒன்றை வேதத்தில் சேர்த்து, சபையில் வாசிக்கவும் விட்டிருக்கிறார்களே! அப்படியென்றால் கடவுளிடத்தில் கோபமாகப் பேசலாம். பதில் வராததைச் சொல்லலாம். திண்ணையில் உட்கார்ந்து பேசியவருக்கு இந்தச் சங்கீதம் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் எழுதியவனுக்கு என் அம்மாவைத் தெரிந்திருக்கிறது என்று தோன்றியது.

அன்றைக்கு நான் மனந்திரும்பினேன், ஒளி கண்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மறுநாளும் வேலைக்குத்தான் போனேன். ஆனால் அதற்குப் பிறகு மாற்கு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படித்தேன், மெஷினோடு வருகிற கையேட்டைப் படிக்கிற மாதிரி. சிறியது, இரண்டு மணி நேரம் போதும். பிறகு மறுபடி. சுகமானவர்களைப் பற்றி மட்டுமே கேட்டு வளர்ந்தவனுக்கு, சிலுவையில் கைவிடப்பட்டதாகக் கதறுகிற இயேசு அப்போதுதான் முதன்முதலாக எதிரில் வந்தார். அவரிடத்தில் பேச எனக்குக் கூச்சம் இல்லை. அது தொடங்கியது, நின்றுபோகவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, அம்மா கிளம்பும் முன்னே நான் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "குடை எடுத்துக்கோ" என்றாள்.

சிவில்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிந்து இறுகுகிறது. அதனால்தான் போட்ட பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் விடுகிறோம். காயவிட்டால் வெடிக்கும். கனசதுரம் வார்த்து 7 நாளில் ஒன்றை உடைத்துப் பார்ப்போம், 28 நாளில் ஒன்றை. ஏழாம் நாள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் இருக்கும். அதைப் பார்த்து யாரும் தூணை இடிப்பதில்லை. ஏழாம் நாளிலேயே இருபத்தெட்டாம் நாள் பலத்தைக் காட்டு என்று சின்னப் பையன்களை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்கிற அன்பர்களுக்கு இதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது கொஞ்சம் கசப்பான ஒன்று. மேடைகளில் யாரும் இதைப் பேசுவதில்லை. சொந்த வழி, சொந்த முடிவு என்று எனக்குச் சொல்வது சுலபம். நான் பிறப்பால் கிறிஸ்தவன், என் சான்றிதழில் எதுவும் மாறாது. என்னோடு ஹாஸ்டலில் இருந்த நண்பன் ஒருவன், ஆதிதிராவிடர் குடும்பம். என்னைவிட ஆழமாக வேதம் படிப்பவன். அவன் மனசில் அது எப்போதோ முடிவாகிவிட்டது. ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் விலக்குக் கொடுத்தார்கள், கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. நம் மாநிலத்தில் மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். சேரியில் வீடு மாறாது, டீக்கடையில் பார்வை மாறாது, கல்லறைத் தோட்டத்தில்கூடச் சில இடங்களில் தனி வரிசை மாறாது. சான்றிதழ் மட்டும் மாறும்.

அவனுக்குப் பின்னால் படிக்கிற தங்கை இருந்தாள். அவனைப் பார்த்து, அவிசுவாசி, கோழை என்று பேசியவர்களை நான் அறிவேன். அப்படிப் பேசியவர்களில் ஒருவரும் அந்தத் தங்கையின் பீஸைக் கட்ட முன்வரவில்லை. ஒன்று செய்யாமல் நேர்மையாக இருப்பதா, செய்துவிட்டு மறைப்பதா என்று அவன் யோசித்து யோசித்து, மறைக்க மாட்டேன், ஆகவே இப்போதைக்குச் செய்யவும் மாட்டேன் என்று முடிவெடுத்தான். அவன் இன்னமும் காத்திருக்கிறான். அவனுக்கும் கடவுளுக்கும் நடுவில் நான் போய் நிற்கப்போவதில்லை. எனக்குக் கோபம் ஆணையின் மேல், அதற்கடுத்தபடியாக நம் சபைகளுக்குள் இருக்கிற சாதியின் மேல்.

கடைசியாக, நேற்று ராத்திரி கூட்டம் முடிந்ததும் மூன்றாமாண்டு தங்கை ஒருத்தி என்னைத் தனியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உட்காருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். இந்துக் குடும்பத்துப் பெண். ஒரு வருஷமாகச் சுவிசேஷம் படிக்கிறாள். வீட்டில் சொன்னால் அப்பா உடைந்துபோவார், சொல்லாமல் இருந்தால் பொய்யாக இருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டாள். தங்கச்சி, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவசரமில்லை. பரீட்சை தேதி மாதிரி இதற்குக் கடைசித் தேதி யாரும் போடவில்லை, போட்டால் நம்பாதே. தொடர்ந்து படி. இந்தப் பக்கம் பேசுபவர்களிடமும் கேள், அந்தப் பக்கம் பேசுபவர்களிடமும் கேள். உன் அப்பாவிடம் மதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மற்ற விஷயங்களைப் பேசு, இத்தனை நாள் பேசியதைவிடக் கூடுதலாகப் பேசு. நீ என்ன முடிவெடுத்தாலும் அன்றைக்கு அவருக்கு நீ அந்நியமாகத் தெரியக் கூடாது. மார்கழியில் கோலம் போடுவதை விட்டுவிடாதே. ஹாஸ்டல் வாசலில் நீ போட்டதை நேற்றே பார்த்தேன், புள்ளி தப்பவில்லை. யாராவது உன்னை நெருக்கினால், இன்னும் யோசிச்சு முடிக்கலன்னு சொல்லு. என் நம்பர் செயலாளர் அண்ணனிடம் இருக்கிறது, என் மனைவியும் பேசுவாள்.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, மெஸ்காரர் அங்கிருந்து கை காட்டுகிறார்.